பல்லுக்கு எதற்குக் கணக்கு?

1985 ஜூனில் தருமபுரியில் ப்ளஸ் ஒன் அறிவியல் பிரிவில் சேரப் போன பிள்ளைகளுக்குப் படிப்பு விஷயத்தில் இருந்த சுதந்திரம் ஒரே ஒரு கேள்விதான்: ஃபர்ஸ்ட் குரூப்பா, செகண்ட் குரூப்பா? கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் என்றால் ஃபர்ஸ்ட் குரூப். கணக்கை விட்டுவிட்டுத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியாகப் படித்தால் செகண்ட் குரூப். ப்யூர் சயின்ஸ் என்றும் சொல்வார்கள். தலைமையாசிரியர் மேஜைக்கு முன்னால் அப்பாவும் பிள்ளையும் நின்று பதில் சொன்ன கையோடு விண்ணப்பத்தில் டிக் விழுந்துவிடும். அதற்கப்புறம் பட்டம் வாங்கும் வரை எந்தப் பாடம் வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்கப்போவதில்லை.

டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு ஊரே சொன்ன புத்திமதி ப்யூர் சயின்ஸ். காரணம் வெளிப்படையானது. மருத்துவக் கட்-ஆஃபில் கணக்கு மதிப்பெண் சேராது. உயிரியல், இயற்பியல், வேதியியல், இவற்றோடு அதற்கு முந்தைய ஆண்டுதான் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்திருந்த நுழைவுத் தேர்வு, அவ்வளவுதான். சேராத பாடத்துக்கு எதற்கு ராத்திரி கண் விழிக்க வேண்டும்? கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா வீட்டுக்கே வந்து சொன்னார்: "ஏம்மா, பல்லு புடுங்கறதுக்கு இன்டக்ரேஷன் எதுக்கு? அந்த நேரத்துல விலங்கியலை இன்னொரு வாட்டி படி. நாலு மார்க் கூட வரும்."

கணக்கை விட மனமில்லாத என் பக்கம் பேசியவர் எங்கள் கணக்கு டீச்சர் ஒருவர்தான். "கணக்கு இல்லாம ஃபிஸிக்ஸ் மனப்பாடமாத்தான் போகும் சார். இவளுக்கு அது வேண்டாம்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஃபர்ஸ்ட் குரூப் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சித்தப்பா சொன்னதில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். 'பல்லு' என்றார். எம்.பி.பி.எஸ். வேண்டாம், பல் மருத்துவம்தான் வேண்டும் என்று அந்த வயதிலேயே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்துத் தண்ணீர்தான் அதற்குக் காரணம். என்னோடு படித்த பல பேருக்கு முன்பற்களில் காவி நிறத்தில் குறுக்குப் பட்டை இருக்கும். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளில் சிலருக்கு எனாமல் பெயர்ந்து குழி குழியாகவே இருக்கும். சிரிக்கும்போது கை தானாக வாயை மூடும். ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று பெரியவர்கள் திட்டுவார்கள். அந்தப் பெண்கள் செங்கல் தூளையும் சாம்பலையும் வைத்து ஈறில் ரத்தம் வரும்வரை தேய்ப்பார்கள். கறை போகாது. பல் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் எனாமல் உருவாகும்போதே விழுந்துவிட்ட கறை அது. போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு செய்த வேலை. இதை எங்களில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் கொலராடோ கதையைப் படித்தேன். 1901இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போகிறார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லெல்லாம் எங்கள் பென்னாகரம் பிள்ளைகளின் பல்தான். முப்பது வருடம் விடாமல் தேடினார். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்பது வரை வந்துவிட்டார். அது என்ன என்று சொல்ல அவருடைய படிப்பில் இடமில்லை. விடை கண்டுபிடித்தவர் பல் மருத்துவரே அல்ல. ஆல்கோவா அலுமினியக் கம்பெனியின் வேதியியலர் சர்ச்சில். அர்கன்சாஸில் பாக்சைட் என்ற அந்தக் கம்பெனி ஊரிலும் குழந்தைகளின் பல் கறுக்கவே, பழி அலுமினியத்தின் மேல் விழுமோ என்று தண்ணீரை நிறமாலை முறையில் சோதித்துப் பார்த்தார். 1931இல் விடை வந்தது: ஃபுளோரைடு. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு. அளவு மிகாத ஃபுளோரைடு பல் சொத்தையைத் தடுக்கிறது என்று தெரிந்து, 1945இல் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் அதே பொருளைக் குடிநீரில் சேர்க்க ஆரம்பித்தார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் அங்கே மருந்து. அதைப் போலச் சில மடங்கு ஏறினால் எங்கள் ஊரில் வியாதி. அங்கே சேர்ப்பதற்குத் திட்டம் போட்டார்கள். இங்கே ஃபுளோரைடு குறைந்த காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2013 வரை காத்திருந்தோம்.

ஒரு வேதியியல் படிப்பு சரியான இடத்தில் இருந்திருந்தால் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் வாயை மூடாமல் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், பல் மருத்துவத்துக்கு 'இவ்வளவு போதும்' என்று யாராவது அறிவியலை அளந்து கொடுத்தால் எனக்குப் பொறுக்காது.

ப்ளஸ் டூ ஆய்வகம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. கிப்ஸ் உபகரணத்திலிருந்து வரும் அழுகின முட்டை நாற்றத்தோடு உப்புப் பகுப்பாய்வு. பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்கும் டைட்ரேஷன். நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் குழாயைத் திருக வேண்டும், அடுத்த சொட்டு விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. விலங்கியலில் கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தகட்டில் வரிசையாக வைக்க வேண்டும். நான் முதன்முதலில் தாடை என்று ஒன்றைக் கையால் தொட்டுப் பார்த்தது கரப்பான் பூச்சியிடம்தான். ஊசி முனையால் அது கிழியாமல் எடுக்க விரலை எப்படி ஊன்றிக்கொள்ள வேண்டும் என்று அங்கே கற்றதும், இன்று பல்லின் வேர்க்குழாய்க்குள் ஃபைல் இறக்கும்போது என் மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றி நிற்பதும் ஒரே பாடம்.

ரேங்க் பட்டியல் வந்தது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் ஒரே பட்டியல். மேலே இருப்பவர்கள் எம்.பி.பி.எஸ். எடுத்த பிறகு மீதமுள்ளவர்களுக்குப் பல் என்பதுதான் வழக்கம். சென்னைப் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1953இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் அரசு நடத்திய பல் மருத்துவக் கல்லூரி தமிழ்நாட்டில் அது ஒன்றுதான். நான் கேட்டதே அதைத்தான், அதுவே கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். "பரவாயில்ல விடு, பல்லும் நல்ல படிப்புதான்" என்றார் எதிர் வீட்டு அக்கா. இதற்குப் போய்க் கணக்கெல்லாம் படித்தாளே என்ற பரிதாபம் எல்லார் முகத்திலும் இருந்தது.

முதல் வருடம் அதற்குப் பதில் சொன்னது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், திசுவியல் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. சீனியரிடம் வாங்கிய எலும்பு செட்டைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்தோம். திசுவியல் ரெக்கார்டுக்கு இளஞ்சிவப்புப் பென்சில் ஒன்று, ஊதாப் பென்சில் ஒன்று. ஸ்லைடில் பார்க்கும் நிறத்திலேயே வரைய வேண்டும். மதியம் மெழுகுச் செதுக்கல். மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்க வேண்டும். மேல் நடு வெட்டுப்பல்: ஈறுக்கு வெளியே தெரியும் உயரம் பத்தரை மில்லிமீட்டர், அகலம் எட்டரை, கழுத்தருகே ஏழு, வேர் பதின்மூன்று. இவற்றை அப்படியே மடங்கு பெருக்கி, கட்டியின் நான்கு பக்கத்திலும் கோடு போட்டு, முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம் இரண்டும் சந்திக்கும் இடத்தை மனத்தில் கண்டுபிடித்த பிறகுதான் கத்தி வைக்கலாம். கோட்டைத் தாண்டிச் சுரண்டிய மெழுகு திரும்ப ஒட்டாது. என்னோடு படித்தவர்களில் வடிவியலை ரசித்துப் படித்தவர்கள் யார், கடமைக்குப் படித்தவர்கள் யார் என்று அந்த மேஜைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே தெரிந்துவிடும்.

இப்போது என் அண்ணன் மகளுக்கு வருகிறேன். ஓஹியோவில் பிறந்தவள், அங்கேயே கல்லூரியில் இரண்டாம் வருடம் முடித்திருக்கிறாள். பல் மருத்துவம் படிக்க வேண்டும் என்கிறாள். அமெரிக்காவில் ப்ளஸ் டூ முடித்த கையோடு பல் மருத்துவம் சேருவது அரிது. பெரும்பாலும் நான்கு வருடக் கல்லூரிப் படிப்பு, அதன் பிறகு நான்கு வருடம் பல் மருத்துவம். அந்த முதல் நான்கு வருடத்தில் எதை முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இசை படித்துவிட்டுக்கூடப் பல் மருத்துவத்துக்குப் போகலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு தலா ஒரு வருடம் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. உயிர்வேதியியலும் பல இடங்களில் கட்டாயம். அதற்கு மேல் எல்லாம் அவள் விருப்பம். எந்தப் பருவம், எந்தப் பேராசிரியர், திசுவியலா, நுண்ணுயிரியலா, உடற்கூறியலா என்று பட்டியல் கணினித் திரையில் கீழே கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கிடைத்த கேள்வி ஒன்று. அவளுக்கு ஒவ்வொரு பருவமும் நூறு கேள்வி.

அவ்வளவு பெரிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் தொலைபேசியில் கேட்டது இது: "அத்தை, ஆர்கானிக் ரெண்டாவது பாகத்தை சம்மர்ல கம்யூனிட்டி காலேஜ்ல முடிச்சுடலாமா? இங்க எடுக்கற சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஏ கிடைக்கறது கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்க. ஹிஸ்டாலஜி கட்டாயம் இல்லையே, அதுக்குப் பதிலா நியூட்ரிஷன் எடுத்துக்கிட்டா ஜிபிஏ விழாது."

பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. கட்-ஆஃபில் சேராத பாடத்தை எதற்குப் படிப்பது என்று அன்று கேட்டார்கள். சேருகிற பாடத்தைக் கஷ்டமான இடத்தில் எதற்குப் படிப்பது என்று இன்று கேட்கிறார்கள்.

அவளுடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் அறிவியல் பாடங்களின் சராசரியைத் தனியாகக் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். ஒரு பாடத்தை மறுபடி படித்து நல்ல கிரேடு வாங்கினாலும் பழைய கிரேடு மறையாது, இரண்டும் சேர்ந்தே கணக்கில் வரும். கடன் வாங்கிப் பல் மருத்துவம் படித்து முடிப்பவர்கள் சராசரியாக மூன்று லட்சம் டாலரை ஒட்டிய கடனோடு வெளியே வருகிறார்கள். இப்படிப்பட்ட கணக்கைத் தலையில் சுமத்திவிட்டு, 'தைரியமாகக் கஷ்டமான பாடத்தை எடு' என்று சும்மா சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே அறிவுரை சொல்லாமல், அந்த வாரம் என் கிளினிக்கில் நடந்ததைச் சொன்னேன்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கீழ் முன்கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் சீழ் கட்டி வீங்கி வந்தார். என்னோடு வேலை பார்க்கும் இளம் டாக்டர் வீக்கத்தின் ஓரத்திலேயே லிக்னோகைன் ஊசி போட்டார். மரத்துப்போகவில்லை. இன்னொரு ஊசி. அப்போதும் தொட்டால் துள்ளினார். மருந்து பழையதோ என்று டாக்டர் பாட்டிலைத் திருப்பித் தேதி பார்த்தார். மருந்தில் கோளாறே இல்லை. லிக்னோகைன் கரைசலில் இரண்டு வடிவில் இருக்கிறது, மின்னூட்டம் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. மின்னூட்டம் இல்லாததுதான் நரம்பின் உறையைத் தாண்டி உள்ளே போகும். உடம்பின் இயல்பான பிஎச் 7.4இல் கிட்டத்தட்டக் கால் பங்கு அந்த வடிவில் இருக்கும். சீழ் கட்டிய இடம் அமிலமாகிவிடும். பிஎச் அரைப் புள்ளி இறங்கினாலே அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஊசி போட்ட மருந்தில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடுகிறது. இன்னும் இரண்டு ஊசி அங்கேயே போட்டாலும் நோயாளிக்கு வலிதான் மிச்சம். வீக்கத்தை விட்டு விலகி, தாடையின் பின்பக்கம் உள்புறத்தில் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துவிட்டது என்றார்.

"இது பொது வேதியியல்ல முதல் வருஷம் வர்ற சமன்பாடு கண்ணு. அமிலம், காரம், லாகரிதம்" என்றேன். "அந்த டாக்டரும் அதைப் படிச்சு நல்ல மார்க் வாங்கினவர்தான். பரீட்சைக்கு எழுதின சமன்பாடு அந்த நாற்காலி பக்கத்துல நிக்கும்போது ஞாபகத்துக்கு வரணும். அதுக்கு, ஏன்னு கேட்டுக் கேட்டுக் குடைஞ்ச ஒரு வாத்தியார்கிட்ட படிச்சிருக்கணும்."

குழந்தைகளுக்கு ஊசி போடும்போது கணக்கு இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தை, கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் லிக்னோகைன் உச்ச அளவு என்றால் 66 மில்லிகிராம். இரண்டு சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம். ஆக 3.3 மில்லிலிட்டருக்கு மேல் சிரிஞ்சில் ஏறக்கூடாது. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். ஆனால் குழந்தை அலறிக்கொண்டிருக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருப்பார், இரண்டு பக்கமும் மரத்துப்போக வேண்டியிருக்கும். அப்போது எண்களோடு பழகிய மனம் தடுமாறாது. அளவு மீறினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. இதைச் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசவில்லை.

திசுவியலைப் பற்றி நான் அதிகம் வாதாடவில்லை. அவளுடைய கல்லூரிப் பட்டியலிலேயே அது இருக்கிறது, நல்ல மைக்ரோஸ்கோப் இருக்கிறது, பல் மருத்துவத்தின் முதல் வருடத்தில் அதே பாடம் இன்னும் பல பாடங்களோடு சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். ஒருமுறை பார்த்த ஸ்லைடை இரண்டாம் முறை பார்ப்பவருக்கும் முதல்முறை பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் விடுதி அறையிலேயே பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் சொன்னேன்: மண்பாண்டமோ சிற்பமோ ஒரு பருவம் எடு. அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான டி.ஏ.டி. நுழைவுத் தேர்வில் 90 கேள்விகள் வெறும் உருவங்களைப் பற்றியவை. கோணங்களை ஒப்பிடுவது, மடித்த தாளில் ஓட்டை எங்கே விழும் என்று சொல்வது, அடுக்கிய கனசதுரங்களை எண்ணுவது என்று 60 நிமிடம் போகும். அந்தத் தேர்வின் ஆரம்ப காலத்தில் சாக்குக் கட்டியையே கையில் கொடுத்துச் செதுக்கச் சொன்னார்கள். கத்தி போய்த் திரை வந்துவிட்டது; கண்ணும் கையும் சேர்ந்து யோசிக்க வேண்டிய தேவை போய்விடவில்லை.

இங்கே தமிழ்நாட்டிலும் நிலைமை மாறியிருக்கிறது, நல்ல பக்கமாக அல்ல. 2017 முதல் பல் மருத்துவத்துக்கும் நீட் நுழைவுத் தேர்வு. 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் பாதி உயிரியல். எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. செய்முறைத் தேர்வுக்கு அதில் இடமில்லை. என் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளிடம் டைட்ரேஷன் பற்றிக் கேட்டால் சூத்திரத்தை உடனே சொல்கிறார்கள். நிறம் எப்போது மாறியது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு வருடம் ஆய்வகத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் அவர்களைக் கேள்வித்தாளுக்கு முன்னால் உட்கார வைத்தவர்கள் பெரியவர்கள். எங்கள் காலத்து நுழைவுத் தேர்வு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடையாக இருந்தது என்று 2006இல் சட்டம் போட்டு எடுத்தோம். பதினோரு வருடத்தில் அதைவிடக் கனமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஓஹியோவில் என் அண்ணன் மகளுக்குக் கிடைக்கும் அந்த நீண்ட பட்டியலில் கால்வாசி பென்னாகரத்துப் பெண் ஒருத்திக்குக் கிடைத்தால் போதும், அவள் எங்கேயோ போய்விடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். கையில் அந்தப் பட்டியல் இருப்பவள் சுலபமானதைத் தேடும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "ஆர்கானிக்குக்கு அந்த சாரையே போட்டுட்டேன் அத்தை. ஹிஸ்டாலஜியும் போட்டாச்சு. பயோகெமிஸ்ட்ரி ஜனவரில, லேபோட. ஆனா நுண்ணுயிரியலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டேன், மூணு லேப் ஒண்ணா என்னால முடியாது." அது சரியான முடிவு என்றேன். கஷ்டமான பாடம் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் குவித்துக்கொள்வது படிப்பு ஆகாது, தண்டனை.

"ஃபிஸிக்ஸ்?" என்றேன்.

"அது மட்டும் சம்மர்ல. டி.ஏ.டி.ல ஃபிஸிக்ஸே கிடையாது அத்தை, உங்களுக்கே தெரியும்."

தெரியும். அந்தத் தேர்வில் உயிரியலும் இருவகை வேதியியலும் உண்டு, இயற்பியல் கிடையாது. ஆனால் கோணல் பல்லைக் கம்பி போட்டு நகர்த்துவது முழுக்க முழுக்க விசையும் திருப்புத்திறனும்தான். பல்லின் தலையில் தள்ளினால் பல் சாயும். அப்படியே நேராக நகர வேண்டும் என்றால் விசையோடு எதிர்த் திருப்பமும் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுப்பது என்பது வேரின் நீளத்தைப் பொறுத்தது. அவள் சேர விரும்புவதே அந்தப் பிரிவில்தான். ஜனவரிப் பருவத்துக்கான பதிவு நவம்பரில்தான் திறக்கும். அண்ணனிடம் சொல்லி, என்னிடம் இருக்கும் பழைய பிளாஸ்டர் மாடல் இரண்டையும் ஒரு சுருள் கம்பியையும் அவளுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். விரலால் தள்ளிப் பார்க்கட்டும், அதற்கப்புறம் பேசிக்கொள்கிறோம்.